கவ்தி சஹாவில் ஒரு மூலிகைத் தேநீர்

மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ காய்கறி வாங்கச் செல்பவர்கள், கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நீண்ட பச்சைப் புல்லை மடித்துக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். மராத்தியில் அதற்குக் கவ்தி சஹா என்று பெயர். கவத் என்றால் புல், சஹா என்றால் தேநீர். நம் எலுமிச்சைப் புல்லேதான். மும்பையில் அதை இஞ்சியோடு பால் தேநீரில் கொதிக்க விடுவது வழக்கம். பாலையும் தேயிலையையும் விட்டுவிட்டு, துளசியும் புதினாவும் சேர்த்து அதே புல்லைத் தெளிநீராக வடித்துக் குடித்தால், அடைமழை நாளின் மந்தம் சற்றே விலகும்.

இதில் காஃபீன் கிடையாது; ஆகவே காப்பி தரும் விறுவிறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். இது தரும் உற்சாகம் பெரும்பாலும் மணத்தாலும் இஞ்சியின் காரத்தாலும் வருவது. புல்லின் மணத்துக்குக் காரணமான சிட்ரால், எலுமிச்சைத் தோலிலும் இருக்கிறது. புதினாவின் குளிர்ச்சி அதன் நறுமண எண்ணெயால் வருகிறது. துளசியின் கிராம்பு போன்ற வாசனை யூஜெனாலால் வருகிறது. இவை எல்லாம் ஆவியோடு பறந்துவிடக் கூடியவை. தேநீர் கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறது என்றால், கோப்பையில் சேர வேண்டியது கூடத்துக்குப் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

இரண்டு பேருக்கு இரண்டரைத் தம்ளர் தண்ணீர், நான்கைந்து புல் இதழ்கள், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, ஓர் ஏலக்காய், பத்துத் துளசி இலைகள், ஏழெட்டுப் புதினா இலைகள் போதும். புதினாவைக் கூட்டினால் மற்ற எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். புல்லின் ஓரம் விரலைக் கீறும் என்பதால், கையால் கிழிக்காமல் கழுவிக் கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அடித்தண்டு கிடைத்தால் எறிந்துவிடாமல், இஞ்சியோடு சேர்த்து நசுக்கிக்கொள்ளலாம்.

தண்ணீரில் முதலில் இஞ்சியையும் தண்டையும் ஏலக்காயையும் போட்டு, பாத்திரத்தை மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு புல்லைச் சேர்த்து, இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். துளசியையும் புதினாவையும் அணைத்த பிறகே போட வேண்டும். அடுப்பிலேயே கிடந்தால் இலை கறுத்து, பச்சை மணம் போய், கஷாய வாடை வந்துவிடும். உடனே தட்டால் மூடி ஐந்து நிமிடம் வைத்திருந்து, தட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்திருக்கும் நீரையும் பாத்திரத்துக்குள்ளேயே வழித்து விட்டு வடிகட்டுங்கள். மணத்தில் ஒரு பங்கு அந்த நீரில்தான் இருக்கிறது. இனிப்பு வேண்டுமானால் பனங்கற்கண்டு பொருந்தும். வெல்லத்தின் வாசனை புல்லோடு மோதுகிறது என்பது என் எண்ணம். எலுமிச்சைச் சாறு விரும்புபவர்கள் கோப்பையில் ஊற்றிய பிறகு சில துளிகள் விடலாம்.

உலர்த்தி வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் மழைக்காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். ஜூலை மாத மும்பைக் காற்றில் எந்த இலையும் காயாது, பூசணம்தான் பிடிக்கும். நவம்பருக்குப் பின் நிழலில், மின்விசிறிக் காற்றில், நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்தி, புல் நான்கு பங்கு, துளசி இரண்டு, புதினா ஒன்று, சுக்கு அரைப் பங்கு என்று கலந்து கண்ணாடிப் புட்டியில் அடைக்கலாம். சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள்; மேல்தோலைச் சீவிவிட்டு இடிக்க வேண்டும். தம்ளருக்கு ஒரு தேக்கரண்டிக் கலவை எடுத்து, கொதிநீர் ஊற்றி, மூடி, ஏழு நிமிடம் வைத்திருந்தால் போதும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புதினாவைத் தவிர்ப்பது நல்லது. கருவுற்றிருப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இதை அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.