கிதார் பாடத்தைப் பார்ப்பது சாதகம் ஆகாது

2020 ஊரடங்கில் கிதார் வாங்கி, இணையத்தில் பாடம் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். நான்கு மாதம் கழித்து, ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிட்ட பெருமையில் அதைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். ஒவ்வொரு முறை கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க இடது கை விரல்கள் பிடிக்கும் பிடி) மாறும்போதும், தந்திகளை மீட்டும் வலது கை நின்றுவிடுகிறது. இடது கை விரல்கள் இடம் பிடித்த பிறகு மறுபடி கிளம்புகிறது. நடுவில் ஒரு வெற்றிடம். நான்கு மாதமும் அது என் காதில் விழவே இல்லை. எதிரே ஆசிரியர் உட்கார்ந்திருந்தால் முதல் வாரமே தொடையில் தாளம் தட்டித் திருத்தியிருப்பார். இணையப் பாடத்தில் நமக்கு இல்லாமல் போவது அந்தக் காதுதான். நான் செய்த தவறுகளும், பிறகு பலரிடம் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே கிளைத்தவை.

அவற்றில் தலையாயது, பார்ப்பதையே பயிற்சி என்று நம்பிவிடுவது. மூன்று காணொளிகளை அடுத்தடுத்துப் பார்த்து முடித்தால் நிறையக் கற்றதுபோல மனம் நிறைந்துவிடும். விரல்களுக்கு மட்டும் ஒன்றும் தெரிந்திருக்காது. கர்நாடக இசையில் இந்த உழைப்புக்குச் சாதகம் என்றே பெயர். தொடக்கப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், நிறுத்திப் பாடி, அது படிந்த பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏறுவார்கள். கிதாருக்கும் அதுவே வழி. பத்து நிமிடம் பாடம் பார்த்தால் அரை மணி நேரமாவது கருவி கையில் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. வாரத்துக்கு ஒரு ஆசிரியராக மாறிக்கொண்டே இருப்பதும் இதே நோயின் இன்னொரு வடிவம். எல்லோரிடமும் முதல் பாடத்தை மட்டும் கற்றவராக ஆகிவிடுவோம்.

கார்ட் மாற்றத்துக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சான்டர்கோ தம் இணையப் பாடங்களில் பரவலாக்கியது அது. ஒரு நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டே கார்ட்களுக்கு இடையில் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை முறை மாறினோம் என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முப்பதைத் தாண்டாதவரை அந்த இரண்டையும் பாட்டுக்குள் கொண்டுபோக நான் அவசரப்படுவதில்லை. பாட்டுக்குள் வந்த பிறகோ சட்டம் வேறு: இடது கை தாமதித்தாலும் வலது கை நிற்கக் கூடாது. விரல் பாதி பதிந்த நிலையில் கொஞ்சம் அலங்கோலமாகக் கேட்டாலும் பரவாயில்லை, தாளம் உடைவதுதான் பெரிய குற்றம்.

சீரான தட்டு ஒலி எழுப்பித் தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்கலாம். பிழையில்லாமல் மூன்று முறை வந்தால் ஐந்து கூட்டலாம். காணொளியையும் 0.75 அல்லது 0.5 வேகத்தில் ஓடவிட்டுக் கூடவே வாசிக்கலாம். வேகம் குறைந்தாலும் சுருதி இறங்காது. இன்னொரு தவறு, தடுக்கி விழும் ஒவ்வொரு முறையும் பாட்டை ஆரம்பத்திலிருந்து தொடங்குவது. அப்படிச் செய்தால் முதல் நான்கு வரி மெருகேறிக்கொண்டே போகும், தடுக்கும் இடம் தடுக்கிக்கொண்டே இருக்கும். இடறும் இடத்தையும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு தாள வட்டத்தையும் மட்டும் பிரித்தெடுத்து வாசிக்க வேண்டும்.

சுருதி சேர்க்காமல் உட்காருவதை என்னால் மன்னிக்க முடிவதில்லை. தடித்த தந்தியிலிருந்து வரிசையாகச் சுரங்கள் இ, ஏ, டி, ஜி, பி, இ. செயலி இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. செயலி இல்லாமல் சேர்ப்பவர்கள் ஐந்தாவது ஃபிரெட்டை (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி; வீணையில் மெட்டு என்போமே, அதுதான்) அழுத்தி அடுத்த தந்தியோடு ஒப்பிடுவார்கள். ஜி தந்தியிலிருந்து பி தந்திக்குப் போகும்போது மட்டும் நான்காவது ஃபிரெட்டை அழுத்த வேண்டும். இதை மறந்துவிட்டு, கிதாரே கோளாறு என்று நினைத்தவர்களை அறிவேன்.

நேரலை வகுப்பில் வரும் சிக்கல்கள் தனி. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முயல்வது வீண். ஒலி போய்வர ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆனாலே போதும், 120 தட்டு வேகத்தில் ஏறக்குறைய அரைத் தட்டு பிந்திவிடும். ஆசிரியர் வாசிக்கும்போது உங்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூட வாசியுங்கள். திருத்தம் வேண்டும்போது நீங்கள் மட்டும் வாசியுங்கள். மெட்ரோனோம் உங்கள் அறையில் ஓடட்டும். இரைச்சலை வடிகட்டும் வசதி, நீண்டு ஒலிக்கும் தந்தியோசையையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை இயக்கினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். கேமராவில் முகம் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, இரண்டு கைகளும் தெரிய வேண்டும்.

சில நேரம் தவறு நம்முடையதே அல்ல. மலிவு விலைக் கிதார்களில் தந்தி ஃபிரெட்டிலிருந்து எக்கச்சக்கமாக உயர்ந்து நிற்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அளந்து பாருங்கள்: அக்கூஸ்டிக் கிதாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி வசதியானது. நான்கு இருந்தால் எந்த ஆசிரியரும் உதவ முடியாது. கருவி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். எஃப் கார்டைக் கண்டு கிதாரையே பரணில் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் அதே வடிவத்தை முதலில் ஐந்தாவது ஃபிரெட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே தந்தி எளிதாக வளைந்துகொடுக்கும், ஏ கார்ட் ஒலிக்கும். பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கி வரலாம். விரல் ஃபிரெட்டின் மேலேயும் வேண்டாம், இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவிலும் வேண்டாம். உலோகத்தை ஒட்டி அதற்குச் சற்றே பின்னால் அழுத்தினால் பாதி பலமே போதும். விரல் நுனி எரிச்சல் சில வாரங்களில் தோல் தடித்துவிட்டால் அடங்கிவிடும். மணிக்கட்டு வலி அப்படியல்ல. அது வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, கட்டைவிரலை இறுக்குகிறோமா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசித்து ஈடுகட்டும் வழக்கம் எனக்கும் இருந்தது. திங்கள் முதல் சனி வரை விரல்கள் மறந்ததை மீட்கவே அதில் பாதி போய்விடும். கிதாரை உறையிலிருந்து எடுத்து, வெயில் படாத சுவரில் கண்ணில் படும்படி மாட்டிய பிறகுதான் தினமும் இருபது நிமிடம் என்பது எனக்குச் சாத்தியமானது. கைபேசிப் பதிவை மாதம் ஒருமுறை இன்னும் கேட்கிறேன். சென்ற மாதப் பதிவில் பி மைனர் கார்டுக்கு மாறும் இடத்தில் வலது கை மறுபடி நின்றிருந்தது.