ஊசிக்கு முதல் நோக்குளிசை வேண்டாம்

தடுப்பூசி போடப் போகும்போது, கை நோகுமே என்று முன்கூட்டியே இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற குளிசைகளை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். போட்டபின் காய்ச்சலோ நோவோ தாங்க முடியாவிட்டால் மட்டும் பனடோல் (பரசிட்டமோல்) எடுங்கள். லேசான நோவுக்கு ஈரத்துணி ஒத்தி, கையை அசைத்துக்கொண்டிருந்தாலே போதும்.

அந்தச் சூடும் வீக்கமும் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கும் வேலையின் ஒரு பகுதி. 2009இல் வெளியான செக் குடியரசு ஆய்வொன்றில், ஊசியோடு சேர்த்தே பரசிட்டமோல் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குச் சில எதிர்ப்புப் பொருட்கள் குறைவாகவே உருவாகின. பெரியவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கதை. ஆனாலும் வராத நோவுக்கு ஏன் மருந்து?

இதயத்துக்கு அஸ்பிரின் என்று வைத்தியர் தினமும் எடுக்கச் சொன்னவற்றை நிறுத்தக் கூடாது. குழந்தைக்குப் பனடோல் கொடுக்கும்படி கிளினிக்கில் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். அப்புறம், யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கினால் டெங்கும் வந்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், ஊசிக் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாமல் இரத்தம் சோதியுங்கள். டெங்கு என்றால் இபுபுரோஃபன் வகைக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.