லேசரால் வண்ணம் தொடும்போது சறுக்குகிற இடங்கள்

கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே குமிட்டிபதியில், பதிமலைக் குகைப் பாறையில் வெள்ளை நிறத்தில் யானை உள்ளிட்ட பழைய உருவங்கள் இருக்கின்றன. பார்த்ததும் எழும் கேள்வி, அந்த வெள்ளை சுண்ணாம்பா, வெள்ளைக் களிமண்ணா என்பதுதான். கத்தியால் சுரண்டாமலே விடை தேட ஒரு வழி உண்டு. லேசர் துடிப்பு ஒரு சின்னப் புள்ளியை மட்டும் ஆவியாக்கும். அதில் என்னென்ன தனிமங்கள் என்று கருவி சொல்லும். குழியின் அகலம் 0.1 மில்லிமீட்டர் அளவில்தான், ஏறக்குறைய ஒரு தலைமுடிக் கனம்.

"இத்தனூண்டுதானே" என்ற நினைப்புதான் முதல் சறுக்கல். எத்தனை சிறிதானாலும் போனது போனதுதான். பொறுப்பான துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கருவியைத் தூக்கக்கூடாது. ஒவ்வொரு குழியும் எங்கே என்று படத்தில் குறிக்க வேண்டும்.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது ஆழம். வண்ணப் பூச்சு பல இடங்களில் சில பத்து மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். ஒரே புள்ளியில் துடிப்பு கூடக்கூடக் குழி இறங்கி, பூச்சைத் தாண்டிப் பாறைக்குள் போய்விடும். நம் பக்கத்துப் பாறையிலேயே அலுமினியமும் சிலிக்கனும் நிறைய. வெள்ளைக் களிமண்ணிலும் அவைதான். பாறை சொன்னதை வண்ணம் சொன்னதாக எழுதிவிடுவோம். மேற்பக்கமும் ஏமாற்றும்: மழைத்தண்ணீர் வழிந்து படிந்த படிவில் கால்சியம் இருந்தால், சுண்ணாம்பு என்று தோன்றும். அதனால் எல்லாத் துடிப்பையும் கூட்டிச் சராசரி போடாமல், ஒவ்வொரு துடிப்பிலும் தெரியும் தனிமங்களின் அளவைத் தனித்தனியாகப் பாருங்கள். எந்தத் துடிப்பில் அந்த அளவு மாறுகிறதோ, அங்கேதான் அடுக்கு மாறுகிறது. பக்கத்தில் வண்ணமில்லாத வெறும் பாறையிலும் ஒரு புள்ளி எடுத்து ஒப்பிடுங்கள். பலர் சோம்பல்படுவது இதற்குத்தான்.

கோயில் சுவரோவியம் என்றால் வேறு கவலை. சாதிலிங்கச் சிவப்பு (பாதரசம் சேர்ந்த சிவப்பு நிறமி) லேசர் பட்டால் கருத்துப்போகும். ஈய வெள்ளையும் நிறம் மாறும். முதலில் அதே வண்ணத்தை ஓட்டுத் துண்டில் பூசி, குறைந்த சக்தியில் சுட்டுப் பாருங்கள். அப்புறம், பளிச்சென்று இருக்கிற இடத்தையே தேர்ந்தெடுக்காதீர்கள். கும்பாபிஷேகத்துக்குத் திரும்பப் பூசியதாக இருக்கலாம். வெள்ளையில் டைட்டானியம் தெரிந்தால் அது 20ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தைய கைவேலை என்று சந்தேகப்படலாம்.

சரி, தனிமப் பட்டியல் கைக்கு வந்தாலும் வண்ணத்தைக் குழைத்த பசை கோந்தா, எண்ணெயா என்று அது சொல்லாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.