நார்மண்டி 1944: 15 மி.மீ. ஜெர்மன் டாங்கிப் படைக்கு வண்ணத் திட்டம்

மேசைப் போர் விளையாட்டுக்காகப் பத்து மாடல் டாங்கிகள் கொண்ட ஒரு கம்பெனிக்குப் (படைப்பிரிவுக்கு) பெயின்ட் வாங்கும் முன் இரண்டை முடிவு செய்துவிடுங்கள்: சண்டை எந்த மாதம் நடக்கிறது, மாடலை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கப் போகிறீர்கள். மாதம் தெரிந்தால் நிறங்கள் தெரிந்துவிடும். தூரம் தெரிந்தால் அவற்றை எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பது தெரியும்.

1943 பிப்ரவரி வரை ஐரோப்பியப் போர்முனைக்குப் போன ஜெர்மன் டாங்கிகளின் அடிநிறம் அடர் சாம்பல். அந்த மாத ஆணைக்குப் பிறகு அது அடர் மஞ்சளானது. ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் டின்களில் பசையாகப் படைப்பிரிவுகளுக்கு வந்தன. வீரர்களே அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். கரைத்த பதத்துக்கு ஏற்ப நிறமும் மாறியது. அதனால் ஒரு டாங்கியின் பச்சை வெளிறியும் அடுத்ததில் அடர்ந்தும் இருந்தால் அது வரலாற்றோடு ஒத்துப்போகும். புள்ளி புள்ளியான ‘பதுங்கித் தாக்கும்’ உருமறைப்பு 1944 ஆகஸ்டில்தான் ஆலைகளில் தொடங்கியது. ஜூன் மாதப் படைக்கு அது பொருந்தாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இனி கலவை. டாமியா நிறுவனப் பெயின்டில் எக்ஸ்எஃப்-60 அடர் மஞ்சள் 4 பங்கு, எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மண்நிறம்) 1 பங்கு. குப்பியிலிருந்து அப்படியே அடித்தால் 15 மி.மீ. (1/100) அளவில் மாடல் கருத்துத் தெரியும். பிறகு போடும் வாஷ் (பள்ளங்களில் தேங்க விடும் நீர்த்த அடர்நிறப் பூச்சு) இன்னும் கருக்கும். பச்சைக்கு எக்ஸ்எஃப்-61, பழுப்புக்கு எக்ஸ்எஃப்-64. இரண்டிலும் மூன்று பங்குக்கு ஒரு பங்கு எக்ஸ்எஃப்-60 சேருங்கள். அடிநிறம் எல்லாவற்றிலும் கலந்திருப்பதால்தான் மூன்று நிறமும் ஒரே வண்டியின் நிறமாகத் தெரியும். தூரிகையில் தீட்டுபவர்களுக்கு வல்லேஹோ நிறுவனத்தின் 882 மிடில்ஸ்டோன், 890 ரிஃப்ளெக்டிவ் கிரீன், 872 சாக்லேட் பிரவுன் போதும்.

மஞ்சளைப் படை முழுவதுக்கும் ஒரே தடவையில் கலந்து மூடியுள்ள குப்பியில் வையுங்கள். 10 மி.லி. எக்ஸ்எஃப்-60உடன் 2.5 மி.லி. பஃப் சேர்த்து, அதே அளவு தின்னர் விட்டால் 25 மி.லி. கிடைக்கும். டாங்கிக்கு 2 மி.லி. செலவானாலும் பத்துக்குப் போக மிச்சமிருக்கும். உரசலைத் திருத்த அந்த மிச்சம் வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. பச்சையும் பழுப்பும் கொஞ்சம் மாறலாம், மஞ்சள் மாறக்கூடாது.

நார்மண்டி மேசையில் விரிப்பும் வேலிச்செடிகளும் பச்சை. டாங்கியிலும் பச்சை மிகுந்தால் ஒரு மீட்டரில் அது மறைந்துபோகும். நிஜப் போரில் அதுதான் வேண்டும், விளையாட்டில் வேண்டாம். மேற்பரப்பில் பாதிக்கு மேல் மஞ்சளாகவே விடுங்கள். பட்டைகள் 2 முதல் 3 மி.மீ. அகலம் இருக்கட்டும், அதற்கு மேல் தடித்தால் வண்டி பொம்மையாகிவிடும். ஏர்பிரஷ் அழுத்தம் 15 பிஎஸ்ஐ, பெயின்ட் பால் பதத்தில். பிளாட்டூன்களை (கம்பெனிக்குள் இருக்கும் சிறு பிரிவுகளை) பிரித்துக் காட்ட நிறத்தை மாற்றாதீர்கள். டரட்டில் (சுழலும் பீரங்கிக் கூட்டில்) மூன்று இலக்க எண் இருக்கிறது: கம்பெனி, பிளாட்டூன், வண்டி.

எல்லாவற்றையும் அடிக்கும் முன் ஒரே ஒரு டாங்கியைப் பிரைமரில் (முதல் அடிப்பூச்சில்) தொடங்கி மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் வரை முடியுங்கள். விளையாடும் அறை விளக்கில், அதே விரிப்பின் மேல் வைத்துப் பாருங்கள். வாஷ் போடாத மாடலைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த நிலையில் சரியாகத் தெரியும் மஞ்சள் கடைசியில் சேற்று நிறமாக நிற்கும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது வாஷ் கட்டத்தில்தான். மேட் பெயின்ட் மிக நுண்ணிய சொரசொரப்பு. அதன் மேல் எனாமல் வாஷைத் தொட்டால் ஊறிப் பரவி, தகட்டின் நடுவில் பழுப்புத் திட்டாக உட்கார்ந்துவிடும். முதலில் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடித்து ஒரு நாள் விடுங்கள். பிறகு தூரிகை நுனியை ஹேட்ச் (மேல் கதவு) ஓரத்தில் தொட்டாலே வாஷ் கோட்டுப் பள்ளத்தில் தானே ஓடி மூலை வரை போகும். வழிந்ததை 20 நிமிடம் கழித்து வைட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள். அங்கே லாக்கர் தின்னரைப் பயன்படுத்தினால் அடியிலுள்ள அக்ரிலிக்கும் கரைந்து வந்துவிடும். டெக்காலையும் (எண், சின்னங்கள் உள்ள ஒட்டுப்படம்) வாஷுக்கு முன், கிளாஸ் மேலேயே ஒட்டுங்கள். மேட்டில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, எண்ணைச் சுற்றி வெள்ளி மினுக்கம் தெரியும்.

சக்கர ரப்பருக்கு சுத்தக் கறுப்பு வேண்டாம். வல்லேஹோ 862 பிளாக் கிரே. டிராக்குக்கு அதில் சாக்லேட் பிரவுன் பாதிக்குப் பாதி. மேலே பஃப் நிறத் தூசி, அடித்தட்டின் மண்ணிலும் அதே நிறம்.

கடைசி மேட் வார்னிஷை 20 முதல் 25 செ.மீ. தள்ளி மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். கடலோர ஊர்களில் மழைநாளில் ஸ்ப்ரே டின்னைத் தொடவே வேண்டாம். ஈரம் சிக்கி மாடல் வெண்மை பூத்துவிடும். பூத்துவிட்டால் சுரண்டாமல், காய்ந்த வெயில் நாளில் மேலே ஒரு கிளாஸ் பூச்சு கொடுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும், அதன் பிறகு மேட்டை மறுபடி அடிக்கலாம்.