கண்மாய்க்கரையில் பூனைப்பருந்து எண்ணுவது எப்படி?

பருந்து எண்ணுவது என்றதும் மலை உச்சியில் நின்று வானத்தைப் பார்க்கிற படம்தான் மனதில் வரும். அமெரிக்காவின் ஹாக் மவுன்டனில் 1934-இல் தொடங்கியது அந்த மாதிரி எண்ணிக்கைதான். அந்த ஆசையில் நானும் ஒரு கார்த்திகையில் குன்றக்குடி மலை ஏறி இரண்டு மணி நேரம் நின்றேன். கிடைத்தது நான்கு செம்பருந்து, அதுவும் வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவை, அப்புறம் கழுத்துவலி. செட்டிநாடு சமவெளி, வலசைப் பறவைகள் ஒரே வழியில் நெருக்கியடித்துப் போகவேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. அதனால் போகிறதை விட்டுவிட்டு, ராத்தங்க வருகிறதை எண்ணுவோம்.

எண்ணப்போவது பூனைப்பருந்தை. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் பக்கம் வந்து, பகலெல்லாம் வெட்டுக்கிளியும் எலியும் பிடித்துத் தின்றுவிட்டு, அடைய மரத்துக்குப் போகாமல் புல்லுக்குள் தரையில் கூட்டமாக இறங்கும். குஜராத்தின் வேளாவதர் புல்வெளி இதற்குப் பேர்போன இடம். நமக்கு அவ்வளவெல்லாம் வராது, வருவது போதும்.

முதலில் இடம். முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிற தரிசு, அல்லது கண்மாயில் தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதி. சீமைக்கருவேல் அடைத்த கண்மாயில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வரைபடத்தில் தேடுவதைவிட ஆடு மேய்க்கிறவரிடம் கேட்பது மேல்: "அண்ணே, பொழுதுசாயப் பருந்து தரையில வந்து படுக்குதா?" பார்த்தவர் என்றால் உடனே கையை நீட்டுவார்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம் என்பதால் மழை விட்ட நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். பொழுது ஆறு மணிக்கு முன்னாலேயே அடைந்துவிடும், நாலரைக்கே கரையில் இருக்க வேண்டும். மேற்கே சூரியன் கண்ணைக் கூசாதபடி உட்காருங்கள். புல்லிலிருந்து இருநூறு மீட்டராவது தள்ளி இருங்கள், நெருங்கினால் மொத்தமும் எழுந்துவிடும். 8க்கு 42 பைனாகுலர் தாராளம்.

அடையாளம் காண்பதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். தாழப் பறந்து, இறக்கை இரண்டையும் லேசாக மேலே தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து வந்தால் பூனைப்பருந்து. செம்பருந்து அப்படி இறக்கையைத் தூக்கிப் பிடிக்காது. ஆண்களில் வெளிறிய சாம்பல் நிறத்தோடு இறக்கை நுனியில் ஒல்லியாகக் கறுப்பு ஆப்பு தெரிந்தால் ஒரு வகை, அதாவது பாலிட் (Pallid), கொஞ்சம் அடர்ந்த சாம்பலோடு இறக்கை நடுவே கறுப்புக் கோடு ஓடினால் இன்னொரு வகை, அதாவது மான்டேகு (Montagu's). பெண்ணும் இளசும் பழுப்பு, வால் தொடங்குகிற இடத்தில் வெள்ளைப் பட்டை. அந்தப் பழுப்புகளை மங்கிய வெளிச்சத்தில் பிரிப்பது எனக்கே இன்னும் வரவில்லை. "பூனைப்பருந்து, வகை தெரியவில்லை" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊகித்து எழுதுவதுதான் தப்பு.

சரி, எண்ணுவது. முதல் தடவை நான் 19 என்றேன், கூட வந்த மாமா 11 என்றார். சண்டை போட்டுப் பார்த்ததில் என் தப்புதான். இறங்கின பறவை மறுபடி எழுந்து ஒரு சுற்று வந்து உட்காரும், அதையும் புதிதாக எண்ணியிருக்கிறேன். இதற்கு எங்கள் வீட்டுப் பல்லாங்குழிப் புளியங்கொட்டைதான் கைகொடுத்தது. வலது பாக்கெட்டில் ஒரு பிடி கொட்டை. ஒரு பறவை புல்லில் இறங்கினால் ஒன்றை இடது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். ஒன்று எழுந்தால் ஒன்றை வலதுக்குத் திருப்புங்கள், அது மறுபடி இறங்கினால் மறுபடி மாற்றுங்கள். இருட்டினதும் இடது பாக்கெட்டில் இருப்பதுதான் கணக்கு. குனிந்து எழுதவேண்டியதில்லை, கண் புல்லை விட்டு அகலாது. நேரத்தையும் நிறத்தையும் போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு பேர் போனால் வடக்குப் பாதி ஒருவருக்கு, தெற்குப் பாதி ஒருவருக்கு, நடுவில் ஒற்றைப் பனை மாதிரி ஏதாவது எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுமே வராத நாளிலும் பூஜ்யம் என்று எழுதி, காற்றும் மேகமும் எப்படி என்று சேர்த்து, பறவைக் கணக்குகளைச் சேர்த்துவைக்கிற இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். அதே கரை, அதே நேரம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று தை வரை போனால்தான் எப்போது வந்தன, எப்போது கூடின என்று தெரியும். பேஸ்புக்கில் போடுகிறவர்கள் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கண்மாயின் பெயர் வேண்டாம். கேமராவைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குள் இறங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது.

கிளம்பும்போது டார்ச்சைக் காலடிக்கு மட்டும் அடியுங்கள், புல் பக்கம் திருப்பாதீர்கள். மழைக்குக் கட்டுவிரியனும் கரைமேலேதான் ஏறியிருக்கும்.