குளிர்காலத்துக்கு நிறுத்திய காரும் சுண்டெலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒண்டாரியோவில் கோடைக்கு மட்டும் ஓட்டும் காரை அக்டோபர் கடைசியில் நிறுத்தினால், மறுபடி வெளியே எடுப்பது ஏப்ரலில்தான். பனி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கிளம்பி, தை மாசி கழித்துத் திரும்பும் நம்மவர்களின் கார்களும் அதே போலக் கராஜில் ஆளில்லாமல் கிடக்கின்றன. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் நாலைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. ஹீட்டரைப் போட்டால் மூத்திர வாடை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார். பில்லில் அந்தச் சிரிப்பு இருக்காது: டேஷ்போர்டுக்கு உள்ளே ஓடும் ஒயர்க் கட்டு ஒன்றைக் கடித்திருந்தால், அதை மாற்ற முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும், கூலி மட்டுமே ஆயிரக்கணக்கான டாலர்.

இப்படி மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் சும்மா இருந்தவர்கள் அல்லர். ஏதோ ஒன்றை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் போனவர்கள். வைத்தது பிந்தியிருக்கும், அல்லது வைத்த இடம் தப்பாக இருக்கும்.

பிந்திப்போவதுதான் முதல் தவறு. சுண்டெலி கரடியைப் போல உறங்கிக் குளிரைக் கழிப்பதில்லை. குளிர்காலம் முழுக்க விழித்துத் தின்றுகொண்டேயிருக்கும். செப்டம்பரில் இரவுகள் குளிரத் தொடங்கியதுமே கதகதப்பான மூலை தேடி உள்ளே நுழைந்துவிடுகிறது. பெட்டை மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்தாறு. அந்தக் குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் தாமே இனம் பெருக்கத் தொடங்கிவிடும். அக்டோபரில் ஒரு சினை எலி உள்ளே வந்தால் பொங்கலுக்குள் அது ஒரு குடும்பம். ஆகவே காரை நிறுத்தும் நாளில் பொறி வாங்கக் கடைக்குப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு மாதம் பிந்திவிட்டார். செப்டம்பர் முதல் வாரத்திலேயே கராஜில் பொறி இருக்க வேண்டும். கார் வந்து நிற்கும்போது இடம் ஏற்கெனவே காலியாகியிருக்க வேண்டும்.

அடுத்த தவறு, காரை மட்டும் பார்ப்பது. எலி காரைத் தேடி வருவதில்லை. கராஜுக்கு வருகிறது, அங்கே நல்ல படுக்கை கிடைக்கிறது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கராஜ் கதவின் அடியில் ஓட்டிப் பாருங்கள். பென்சில் நுழையும் சந்து எதுவாக இருந்தாலும் சுண்டெலி நுழையும், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் போதும் அதற்கு. கதவின் அடி ரப்பர் நடுவில் நன்றாக இருக்கும், இரண்டு மூலைகளிலும் காய்ந்து சுருங்கியிருக்கும், அங்கேதான் வழி. எரிவாயுக் குழாய், ஏசி குழாய், துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக் குழாய் ஆகியவை சுவரைத் துளைத்துப் போகும் இடங்களையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பலர் இந்த ஓட்டைகளில், தெளித்ததும் கெட்டியாகும் அடைப்பு நுரையை அடித்துவிட்டுப் போகிறார்கள். நுரையை எலி ஒரே இரவில் குடைந்துவிடும். செம்புக் கம்பி வலையை உள்ளே திணித்து அதன் மேல் அடைப்புப் பசை பூசினால்தான் நிற்கும்.

பிறகு நம் வீட்டுக் கராஜுக்கே உரிய ஒரு விஷயம். அரிசி மூட்டை. மலிவு விலையில் போட்டபோது வாங்கிய இரண்டு மூன்று பெரிய மூட்டைகள், பக்கத்தில் மா, பருப்பு, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள்ப் பொதி, எல்லாம் காருக்கு நாலடி தள்ளி அலமாரியில் இருக்கும். அயலவர் கராஜில் இதற்குப் பதில் குருவித் தீவனமும் புல்விதையும் நாய் உணவும். வீட்டுச் சுண்டெலி தன் கூட்டிலிருந்து பொதுவாக மூன்று முதல் ஒன்பது மீட்டருக்கு மேல் அலைவதில்லை. சோறு ஒரு பக்கம், மெத்தை ஒரு பக்கம், நடுவில் நாலடி என்று நாமே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு எலியைத் திட்டுவதில் நியாயமில்லை. மூட்டைகள் வீட்டுக்குள் போகட்டும். இல்லையென்றால் மூடியுள்ள தகரத் தொட்டிக்குள் போகட்டும். மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியின் விளிம்பைக் கடித்து ஓட்டை போட அதற்கு நேரம் ஆகாது.

காருக்குள்ளும் இதே கதைதான். குழந்தை இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்: முறுக்குத் துண்டு, கடலை, பழச்சாறு காய்ந்த கறை. வேக்குவம் போட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, டிஷ்யூப் பெட்டியும் ஆபத்து என்பது. எலிக்கு உணவைவிட அவசரம் கூடு கட்டப் பஞ்சு. டிஷ்யூ, கைத்துடைப்புக் காகிதம், டிக்கியில் கிடக்கும் கம்பளி, பிள்ளைகளின் பஞ்சு பொம்மை எல்லாம் வெளியே வர வேண்டும். அவை இல்லாவிட்டால் பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சை உரிக்கும், இருக்கையின் நுரையைக் குடையும். ஆனாலும் எளிதில் கிடைப்பதை எடுத்துவிட்டால் அது வேறு இடம் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது.

வாசனையில் போட்ட நம்பிக்கை

இனி, கடைகளுக்கு லாபம் தரும் பகுதி. துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளைக் கார் முழுக்கப் பரப்புகிறார்கள். எலி அந்தத் தாளையே கிழித்துக் கூட்டில் வைத்திருப்பதை மெக்கானிக்குகள் வசந்தத்தில் எடுத்துக் காட்டுவார்கள். புதினா எண்ணெய் தெளித்த சில நாள் மணக்கும், பிறகு ஆவியாகிவிடும். ஆறு மாதம் பூட்டிய கராஜில் அதை யார் திரும்பத் திரும்பத் தெளிப்பது?

பாச்சை உருண்டையைப் பற்றிச் சற்று அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதன் மீது தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை உண்டு. அதிலுள்ள நாப்தலின் மூடிய பெட்டிக்குள் துணிப்பூச்சியைக் கொல்வதற்கானது. காற்றோட்டமுள்ள இடத்தில் எலியை விரட்டும் அளவுக்கு அதன் செறிவு எட்டாது. ஆனால் இருக்கைத் துணியிலும் ஏசி குழாயிலும் அது ஏறிக்கொண்டால் அடுத்த கோடை முழுக்கப் போகாது, அதை மனிதர்கள்தான் சுவாசிப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். தெற்காசியக் குடும்பங்களில் இந்தக் குறைபாடு அரிதல்ல. எலிக்குப் பயந்து அந்தக் காரில் பிள்ளையை உட்கார வைப்பது வீண் வேலை.

மீயொலிக் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். சுவரில் சொருகினால் மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை ஓட்டுமாம். 2001இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இத்தகைய கருவிகளைத் தயாரித்தும் விற்றும் வந்த 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் ஆதாரமில்லாமல் இப்படிச் சொல்லக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த ஒலி பெட்டியையும் சுவரையும் தாண்டாது, முதலில் மிரண்ட எலியும் நாளடைவில் பழகிக்கொள்ளும். விற்பனை மட்டும் நிற்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஓரளவு மதிக்கத்தக்கது மிளகாய்க் காரம் ஏற்றிய ஒட்டுநாடா. ஹோண்டா நிறுவனமே அதை உதிரிப் பாகமாக விற்கிறது. கைக்கு எட்டும் ஒயர்களில் சுற்றலாம், சுற்றிய இடத்துக்கு மட்டும் பயன். சோயாவிலிருந்து செய்த ஒயர் உறையால்தான் எலி வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு, அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் மீது வழக்கே போட்டார்கள். சோயா வருவதற்கு முந்திய பழைய கார்களின் ஒயரையும் எலி கடித்தே வந்திருக்கிறது. அதன் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும், எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும்.

ஓட்டையை அடைப்பதிலும் தவறு நடக்கிறது. காருக்குள் மூன்று பெரிய வாசல்கள்: இஞ்சினுக்குக் காற்று இழுக்கும் வாய், கண்ணாடியின் அடியில் வைப்பர் பக்கம் இருக்கும் கேபின் காற்று வழி, சைலன்ஸர் குழாயின் முனை. மூன்றையும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள துத்தநாகம் பூசிய கம்பி வலையால் மூடலாம். பலர் சாதாரண இரும்பு நாரைத் திணிக்கிறார்கள். அது ஈரத்தில் துருப்பிடித்துத் துகளாக உதிர்கிறது. அதைவிடப் பெரிய தவறு, அடைத்ததை மறந்துவிட்டு ஏப்ரலில் இஞ்சினை இயக்குவது. எத்தனை இடத்தில் எதை அடைத்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். இன்னொரு சிறு வேலை: கடைசியாக நிறுத்தும்போது ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து அணைத்தால், பல கார்களில் வெளிக்காற்றுக் கதவு மூடியபடியே நிற்கும்.

பொறியும் நஞ்சும்

எலி மருந்து வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்து அது சாகும் இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். அந்த இடம் ஹீட்டர் பெட்டியாக இருந்தால் வாடை எடுப்பதற்கு மறுபடி டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். நஞ்சுண்ட எலியை ஆந்தையோ பக்கத்து வீட்டுப் பூனையோ தின்றால் அதற்கும் கேடு.

பழைய மரப்பலகைப் பொறியே போதும். அதிலும் வைக்கும் விதம் முக்கியம். எலி வெட்டவெளியில் ஓடாது, சுவரை உரசிக்கொண்டே ஓடும். பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். பட்டாணி அளவு கடலை வெண்ணெய் போதும், அள்ளிப் பூசினால் நக்கிவிட்டுத் தப்பிவிடும். இரண்டு மீட்டருக்கு ஒன்று வீதம் கராஜின் ஓரத்தில் வையுங்கள். காருக்குள் வைக்காதீர்கள்: கடலை வெண்ணெயின் மணத்தைக் காருக்குள் வைத்து அழைப்பிதழ் கொடுத்த மாதிரி ஆகும். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நண்பரிடம் சாவியைக் கொடுத்துப் பத்து நாளுக்கொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் பார்க்கப்படாத பொறி ஒரு எலியோடு வேலையை முடித்துக்கொள்ளும்.

தரை வரை தொங்கும் கார் உறையைப் பற்றி ஒரு வரி: வெளியே தூசியைத் தடுக்கிறது, உள்ளே இருட்டான கூடாரமாகிறது. நன்றாகப் பூட்டிய கராஜில் உறையே வேண்டாம். பானெட்டைத் திறந்து வைப்பவர்களும் உண்டு. வெளிச்சமும் காற்றும் எலிக்குப் பிடிக்காது என்பது அவர்கள் கணக்கு. பானெட் விளக்கு உள்ள கார் என்றால் அந்த விளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி வடிந்துவிடும்.

பதினைந்து நாளுக்கொரு முறை பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டால் எலி பயந்து ஓடும் என்பது தவறான நம்பிக்கை. பத்து நிமிடத்தில் இஞ்சின் முழுச் சூடு ஏறாது, சைலன்ஸருக்குள்ளும் ஆயிலிலும் நீர்தான் சேரும். அதற்குள் கூடு கட்டியிருந்தால், சூடான பாகத்தில் பட்ட பஞ்சு தீப்பற்றலாம். வீட்டோடு ஒட்டிய கராஜில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வேறு. பேட்டரிக்காகத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் மின்னூட்டம் காக்கும் சார்ஜரை மாட்டிவிட்டு இஞ்சினைத் தூங்கவிடுங்கள்.

திறக்கும் நாளின் அவசரம்

வசந்தத்தில் காரை எடுக்கும் ஆசையில் நேரே ஏறி சாவியைத் திருப்பி விசிறியைப் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் மேல் கூடு இருந்தால், காய்ந்த புழுக்கையின் தூசி முகத்துக்கு நேரே வரும். முதலில் கராஜ் கதவையும் காரின் கதவுகளையும் திறந்து அரைமணி நேரம் விடுங்கள். பானெட்டின் அடி, ஏர் ஃபில்டர் பெட்டி, கேபின் ஃபில்டர் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுத்த சீரகம் போலச் சிறு புழுக்கை தெரிந்தால் விருந்தாளி வந்து போயிருக்கிறார், அல்லது இன்னும் இருக்கிறார்.

துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது, வேக்குவம் போடவும் கூடாது. பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் பெரிய கண்ணும் உள்ள மான் சுண்டெலி, நுரையீரலைத் தாக்கும் ஹன்டா வைரஸைச் சுமக்கக்கூடியது. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் நோய் பரவியபோதுதான் இந்த வகை வைரஸ் கண்டறியப்பட்டது. கனடாவில் நோய் அரிது, பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில். ஆனால் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. அது பரவும் முக்கிய வழியே காற்றில் எழும் தூசிதான். கையுறையும் நெருக்கமான முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு ப்ளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத் துவாலையால் அள்ளி, இரட்டைப் பையில் கட்டுங்கள். ப்ளீச் துணியை வெளுக்கும், ஆகவே இருக்கைகளுக்கு அதற்கான கிருமிநாசினி. ஒயர்ப் பக்கம் ப்ளீச்சைத் தெளிக்க வேண்டாம். மூத்திர வாடை இருந்த இடத்தை விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு வரும் எலிக்கு அதுவே வழிகாட்டி.

காப்பீட்டிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. நிறுத்திவைக்கும் மாதங்களுக்கு ஓபிசிஎஃப் 16 (OPCF 16) என்ற, காப்பீட்டுப் பத்திரத்தோடு சேர்க்கும் ஒண்டாரியோ இணைப்புப் படிவத்தின் மூலம் சாலைக்கான காப்பீட்டை இடைநிறுத்தி, திருட்டு, தீ போன்ற மோதலல்லாத சேதங்களுக்கான காம்ப்ரிஹென்சிவ் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எலி கடித்ததற்குப் பணம் கேட்பது வழக்கமாக அந்தப் பகுதியில்தான், அதையும் நிறுத்திப் பணம் மிச்சம் பிடிப்பவர்கள் மாட்டுகிறார்கள். ஒயர் சேதம் அடங்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஓபிசிஎஃப் 17 என்ற படிவத்தில் காப்பீட்டை எழுப்பும் வரை, தெருமுனை வரை சோதனை ஓட்டம் கூட ஓடக் கூடாது. கூட்டைப் பார்த்ததும் கை துடிக்கும், ஆனால் படம் எடுப்பதற்கு முன் ஒன்றையும் துடைத்து எறியாதீர்கள். கடித்த ஒயர், கிழிந்த பஞ்சு, புழுக்கை, காரின் எண் எல்லாம் தெரியும்படி படங்கள் எடுத்த பிறகே வாளியைக் கையில் எடுங்கள்.