கிரானைட் அறுக்கும்போது செய்யக்கூடாதவை

வேலைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் கண்ணாடி போடு, லுங்கியோடு மிஷினைத் தொடாதே என்றெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. நுரையீரலைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

தண்ணீர் இல்லாமல் அறுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சமீபத்தில் ஒரு வீட்டில் சமையல் மேடைக் கல்லில் சிங்குக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாலுக்குத் தூசி வரக்கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னாராம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, காய்ந்த கல்லில் பிளேடு ஓடுகிறது. வெளியே வந்த பையனுக்குப் புருவம், இமை எல்லாம் வெள்ளை. ஏன் தம்பி என்று கேட்டால், "தண்ணி ஊத்தினா கோடு அழிஞ்சிடுதுண்ணே, ஒரு கட்டிங்தானே" என்கிறான்.

புருவத்தில் படிந்தது கழுவினால் போய்விடும். ஆளைத் தின்பது கண்ணுக்கே தெரியாத தூள். கிரானைட்டில் சுமார் 30 சதவீதம் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். அது மைக்ரான் அளவில் பொடியாகி, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கிவிடும். அதை விழுங்க வரும் செல்கள் செத்து, அந்த இடம் தழும்பாக இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். செயற்கை குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்தைக்கூடத் தாண்டும். அதை அறுத்த தொழிலாளர்கள் நோயில் விழுந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது.

கோடு அழிகிறதா, பெயிண்ட் மார்க்கரில் போடுங்கள். முடிந்தவரை வெளியிலேயே ஓட்டை போட்டுவிட்டுக் கல்லை உள்ளே கொண்டுபோங்கள். தண்ணீர்க் குழாய் மாட்டும் கட்டரை வாங்கி, ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) உள்ள லைனில் மட்டும் ஓட்டுங்கள். சேறாகும், ஆகட்டும். வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

துண்டை முகத்தில் கட்டுவது

பயனில்லை. என்95 போடுங்கள், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது.

மிஷின் நின்றதும் மாஸ்க்கைக் கழற்றுவது

மூடிய அறையில் நுண்தூசி மணிக்கணக்கில் மிதக்கும். டீயை வெளியே போய்க் குடியுங்கள்.

காய்ந்த துடைப்பம்

வேண்டாம். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள்.

டாக்டரிடம் தொழிலைச் சொல்லாமல் விடுவது

எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் சில நேரம் டிபி போலவே தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் டிபி மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டு முடித்தும் இருமல் நிற்கவில்லை. என்ன தொழில் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிலிக்கா சேர்ந்த நுரையீரலில் டிபி நிஜமாகவே எளிதில் வரும் என்பதால் சளிப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். எத்தனை வருஷமாக வேலை, எந்தக் கல், தண்ணீர் ஊற்றியா ஊற்றாமலா என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.